கதவின் இடது கெண்டைக்கால்

என் அக்காவை விளையாட்டுக்காரர்கள் ‘சுரண்டியக்கா’ என்று கூப்பிடுவார்கள். முதல்முறை கேட்டபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஏழு வருஷம் படித்து, இரண்டு சான்றிதழ்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவளுக்கு இப்படியொரு பேரா? அவளோ சிரித்தாள். “சுரண்டுறேன், சொல்றாங்க. இதுல என்னடா இருக்கு?” என்றாள்.

அவளிடம் ஐந்து எஃகுத் தகடுகள் உண்டு. ஒன்று பிறை வடிவம், ஒன்று நீளமாகக் கைப்பிடி வைத்தது, மற்றவை சின்னச் சின்னவை. அடிபட்டு வருகிறவரின் தசைமேல் களிம்பு தடவி, தகட்டின் விளிம்பால் மெதுவாக இழுப்பாள். பழைய காயம் ஆறி முண்டும் முடிச்சுமாக இறுகிப்போன இடம் வந்தால் தகட்டில் ஒரு நறநறப்பு ஏறும். மணல் கிடக்கிற தரையில் செருப்பைத் தேய்த்தால் வருமே, அது. அந்த இடத்தைத் தளர்த்திவிட்டுத் தகட்டைக் கீழே வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு வெறுங்கைதான். எலும்பையும் மூட்டையும் கையாலேயே சரிசெய்கிற ஆஸ்டியோபதி படித்தவள் என்பதால் வலிக்கிற இடத்தோடு விடமாட்டாள். கணுக்கால், இடுப்பு, முதுகெலும்பு, விலா என்று ஒவ்வொரு மூட்டாக அசைத்துப் பார்த்து, எது முரண்டு பிடிக்கிறதோ அதை வழிக்குக் கொண்டுவருவாள். முழங்கால் வலி என்று வந்தவனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவன் குழப்பத்தோடு என்னைப் பார்ப்பான். நான் கணினியைப் பார்ப்பேன்.

நான் அவளுக்கு ஐந்து வயது இளையவன். மூன்று வேலைகளை விட்டுவிட்டு, சரியாகச் சொன்னால் அவை என்னை விட்டுவிட்டு, அவள் கிளினிக்கின் முன்மேசைக்கு வந்து சேர்ந்தவன். போன் எடுப்பது, துண்டுகளைத் துவைக்கப் போடுவது, வருகிறவர்களிடம் கேள்வித்தாளை நிரப்பி வாங்குவது, இவ்வளவுதான் என் உத்தியோகம். அந்தக் கேள்வித்தாள் அக்கா எழுதியது. இருபத்திரண்டு கேள்விகள். மாத்திரை சாப்பிடுகிறீர்களா, காய்ச்சல் இருந்ததா, சமீபத்தில் நீண்ட பயணம் போனீர்களா என்று போகும். ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்பது அவள் உத்தரவு. தெரிந்தவர்களிடம் நான் அதை மதித்ததே இல்லை.

தெரிந்தவர்களில் முதல் ஆள், ‘கதவு’ என்று பட்டப்பேர் வாங்கியவன். நகரத்துக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். ஆறடி நான்கு அங்குலம். கோல் விழுந்தால் “கதவு தொறந்துடுச்சு” என்று அவன் காதுபடவே கத்துவார்கள், அவனும் சிரித்துக்கொள்வான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இடது கெண்டைக்கால் தசை கிழிந்து அக்காவிடம் வந்தான். அன்றிலிருந்து மாதம் ஒருமுறையாவது எங்கள் கட்டிலில் கவிழ்ந்து படுத்து, பாதங்களைக் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்குவான். அந்தக் கெண்டைக்கால் அக்காவுக்கு அத்துப்படி. எந்த விரற்கடையில் நறநறப்பு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

அந்தப் புதன்கிழமை அவன் நொண்டிக்கொண்டு வந்தான். சனிக்கிழமை அரையிறுதி ஆட்டம். “அதே கால்தான்யா,” என்றான். நான் இருபத்திரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, ‘மாற்றமில்லை’ என்று எழுதினேன். திங்கட்கிழமைதான் அவன் வெளியூர் ஆட்டம் முடிந்து, பஸ்ஸில் கடைசி இருக்கையில் காலை மடக்கி வைத்துப் பத்தொன்பது மணிநேரம் உட்கார்ந்து வந்திருக்கிறான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை.

அக்காவும் கேட்கவில்லை. தகட்டை எடுத்தாள், இழுத்தாள். பழைய இடத்தில் நறநறப்பு இல்லை. மேலே, கீழே, ஓரத்தில், எங்குமே இல்லை. வெண்ணெயில் போவதுபோல் தகடு வழுக்கிக்கொண்டு போனது. “சுத்தமா இருக்கு தம்பி. மூணு வருஷத்துல உன் கால் இப்படி இருந்ததே இல்ல,” என்று அவள் சொன்னது முன்மேசைவரை கேட்டது. தகட்டால் பன்னிரண்டு நிமிஷம் இழுத்து, பிறகு கணுக்காலைத் தளர்த்தி, இடுப்பைச் சரிசெய்து அனுப்பினாள். நொண்டாமல் போனான். அன்று மதியம் சாப்பிடும்போது அக்காவுக்கு முகம் கொள்ளாத பெருமை. மூன்று வருஷ உழைப்பு வீண்போகவில்லை என்று இரண்டு தடவை சொன்னாள். சுத்தமாக இருக்கிற தசை எதற்காக வலிக்கிறது என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மறுபடி வந்தான். கூடவே கோச். தொப்பியைக் கழற்றாத மனிதர். எங்களுக்கு வருகிற ஆட்களில் பாதிப் பேர் அவர் அனுப்புகிறவர்கள்.

“மேடம், நாளைக்கு நாலு மணிக்கு மேட்ச். புதன்கிழமை செஞ்ச மாதிரி ஒரு பன்னிரண்டு நிமிஷம் போட்டு விட்டுடுங்க. சாயங்காலம் டீம் மீட்டிங் இருக்கு.”

கதவு கவிழ்ந்து படுத்தான். நான் துண்டு எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தேன், அதனால் பார்த்தேன். அக்கா களிம்பு தடவித் தகட்டால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். கை அப்படியே நின்றது. தகட்டை வைத்துவிட்டுப் புறங்கையை இடது கெண்டைக்காலில் வைத்தாள், பிறகு வலதில், மறுபடி இடதில். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் எழும்பவில்லை.

“டேப் எடுடா,” என்றாள்.

அளந்தாள். வலது முப்பத்தெட்டு சென்டிமீட்டர். இடது நாற்பத்தொன்று.

“தம்பி, மூச்ச நல்லா உள்ள இழு. எங்கயாவது குத்துதா?”

“வலது பக்கம் விலாகிட்ட லேசா. பந்து பிடிக்க விழுந்தேன்ல அக்கா, அதுவா இருக்கும்.”

“எப்ப இருந்து?”

“நேத்துல இருந்து.”

அக்கா டேப்பைக் கட்டிலில் வைத்தாள். பிறகு நேராக நின்று சொன்னாள். “எந்திரிக்காத. கால அசைக்காத. இது தசை இல்ல. உள்ள இருக்கிற ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டியிருக்குன்னு நினைக்கிறேன். ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

கோச் சிரித்தேவிட்டார். “மேடம், நாளைக்கு மேட்ச் முடிஞ்சதும் நேரா ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு நாள்தானே.”

அக்கா என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்து, ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னாள். போட்டேன். வைத்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“அனுப்புறது சரி. ஆனா புதன்கிழமையப் பத்தி வாயத் தொறக்காத. இன்னைக்குத்தான் வீங்குச்சுன்னு சொல்லிடு.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. நான் பயந்தது உண்மை. ஆனால் அது அவளுக்காக மட்டும் இல்லை. அந்தக் கோடு இழுத்தது என் பேனா.

உள்ளே போனால் கதவு எழுந்து உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். ஒன்று மாட்டியாகிவிட்டது.

“படு,” என்றாள் அக்கா.

“நாளைக்கு ஒரு மேட்ச் அக்கா. அடுத்த சீசன் என்னைய வெச்சுக்குவாங்களா இல்லையான்னு இதுலதான் இருக்கு. அந்த ரெண்டாவது கீப்பர், சின்னப் பையன், ஒருதடவை உள்ள வந்துட்டான்னா அப்புறம் எனக்கு பெஞ்சுதான்.”

“உயிரு போயிடும் தம்பி.”

“நீங்கதானே சொன்னீங்க, சுத்தமா இருக்குன்னு? மூணு வருஷத்துல இப்படி இருந்ததே இல்லன்னு? ரெண்டு நாள்ல எப்படி அக்கா அவ்வளவு மோசமாகும்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்,” என்றார் கோச். “புதன்கிழமை நல்லா இருந்த கால்தானே.”

அவன் இரண்டாவது ஷூவைத் தேடிக் குனிந்தான். அக்கா சொன்ன வார்த்தையை வைத்துத்தான் அவன் ஆடக் கிளம்பினான். அவன் வாசல்வரை நடந்தாலே என்ன ஆகுமோ என்று அவன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அந்த ஷூவைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“புதன்கிழமை நான் சொன்னது தப்பு,” என்றாள். “தகட்டுல ஒண்ணும் தட்டுப்படல. என் வைத்தியம் பலிச்சிருச்சுன்னு சந்தோஷப்பட்டேன். தசையில ஒண்ணுமில்லன்னா வலி வேற எங்கயோ இருந்து வருதுன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் அளக்கல, கேக்கல. தொடவே கூடாத கால பன்னிரண்டு நிமிஷம் சுரண்டினேன். கட்டி உடைஞ்சு மேல போனதுக்கு நானே காரணமா இருக்கலாம். என்மேல புகார் குடு, கேஸ் போடு, நான் எங்கயும் ஓடமாட்டேன். இப்ப படு.”

கோச் தொப்பியைக் கழற்றினார். கதவு ஒற்றை ஷூவோடு மெதுவாகச் சாய்ந்து படுத்தான். அவன் முகத்தில் பயம் ஏறியதை நான் அப்போதுதான் பார்த்தேன். ஆம்புலன்ஸ் வரப் பதினான்கு நிமிஷம் ஆனது. அவ்வளவு நேரமும் அக்கா அவன் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கையை உதறவும் இல்லை, அவளைப் பார்க்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் சின்ன வயசுப் பெண். காலைப் பார்த்ததுமே கேட்டார். “இதுல யாராவது மசாஜ் மாதிரி ஏதாவது பண்ணாங்களா?”

“நான்,” என்றாள் அக்கா. “புதன்கிழமை. எஃகுத் தகட்டால, பன்னிரண்டு நிமிஷம். இன்னைக்கு ஒரு இழுப்பு.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். “நீண்ட பயணம் ஏதாவது?”

“பத்தொன்பது மணிநேரம் பஸ்ல,” என்றார் கோச்.

“அத யாரும் கேக்கலையா?”

“கேக்க வேண்டியது நான்,” என்றேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

ஸ்கேன் முடிந்தது. ரத்தக்கட்டி முழங்காலுக்கு மேலேயே ஏறியிருந்தது. வலது நுரையீரலில் ஒரு சின்னத் துண்டு. ஊசி போட்டுத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். “நாளைக்கு விளையாடியிருந்தா?” என்று நான் கேட்டேன். டாக்டர், அவன் அம்மாவுடைய போன் நம்பர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

மறுநாள் அணி மூன்று கோல் வாங்கித் தோற்றது. செவ்வாய்க்கிழமை அவனை வார்டுக்கு மாற்றியதும் அக்கா பார்க்கப் போனாள். நானும் போனேன். பிழைத்துக்கொண்டான். ஆனால் ஆறு மாதத்துக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அதுவரை மைதானப் பக்கமே போகக்கூடாது. அணி வேறு கோல்கீப்பரைத் தேடத் தொடங்கியிருந்தது.

“அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தா மாத்திரையோட போயிருக்கும்ல?” என்றான்.

“நுரையீரலுக்குப் போகாம தடுத்திருக்கலாம்,” என்றாள் அக்கா.

“போங்க அக்கா,” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

படியிறங்கும்போது நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள், ஒரு வார்த்தை நன்றி இல்லையே என்று. அக்கா நின்று, “அவன் சொன்னதுல எதுடா பொய்?” என்று மட்டும் கேட்டாள்.

நடந்ததை ஆஸ்டியோபதி சங்கத்துக்கு அவளே எழுதிப்போட்டாள். மூன்று மாதம் கிளினிக்கை மூடச் சொன்னார்கள், மூடினோம். கோச் அதற்குப் பிறகு யாரையும் அனுப்பவில்லை. திறந்தபோது பழைய ஆட்களில் கால்வாசிப் பேர்கூட வரவில்லை. வந்தவர்களிடம் நான் இருபத்திரண்டையும் கேட்டேன். பத்து வருஷமாக வருகிற ஓட்டக்காரர் ஒருவர், “என்னையத் தெரியாதா உனக்கு?” என்று கடுப்பானார். தெரியாது என்றேன்.

போன மாதம் அக்காவும் நானும் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்றிருந்தோம். நடைமேம்பாலத்தின் அடியில் கதவு நின்றிருந்தான். அவ்வளவு உயரத்தை எங்கே ஒளிப்பது? தோளில் விளையாட்டுப் பை, அதில் ஏதோ ஒரு சின்ன அணியின் பேர். அக்காவைப் பார்த்தான். அவள் கையைப் பாதி தூக்கிவிட்டாள். அவன் முகம் இறுகியது. சட்டென்று திரும்பிப் படியில் ஏறத் தொடங்கினான், இரண்டு இரண்டு படியாக.

“திமிரப் பாரு,” என்றேன்.

அக்காவுக்கு நான் சொன்னது கேட்டதாகவே தெரியவில்லை. அவன் உச்சிக்குப் போகும்வரை அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு கால்லயும் சமமா ஊணி ஏறுறான்,” என்றாள். “மூச்சு வாங்க ஒரு எடத்துலகூட நிக்கலடா.”