0.35 அரை ஆன கதை

இன்று விருத்தாசலம் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெண்ணின் லேப்டாப்பில் மஞ்சள் எழுத்துகள் வரிசையாக ஓடின.

"என்னம்மா அது?"

"வார்னிங்குங்க. தசமத்துல கடைசி எண்ணுங்க வெட்டுப்படும்னு, நான் எழுதுற புரோகிராமைச் சரிபாக்குற கம்பைலர் முன்னாடியே சொல்லுது."

எனக்கு என் பழைய வேலை ஞாபகம் வந்தது.

எழுபதுகளில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஆலையில் சாயக் கலவைக்கு அளவுச் சீட்டு எழுதுவது என் வேலை. எடை போடுபவன் முருகேசன், என் நண்பன். தினமும் என் சாப்பாட்டில் பாதி அவனுக்குத்தான்.

கப்புகள் வெளிர்நீலமாக வர 0.35 கிலோ நீலச்சாயம் என்று எழுதிக் கொடுத்தேன். சின்ன எடைக்கல்லைத் தேடச் சோம்பல்பட்டு அரை கிலோவாகவே போட்டுவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சூளையைத் திறந்தால் அத்தனை கப்பும் மை நிறம்.

"இவரு எழுதிக் குடுத்ததத்தாங்க போட்டேன்" என்றான் மேனேஜரிடம், என் முகத்தைப் பார்க்காமல். சீட்டையும் காணோம். சீக்கிரமே நிரந்தரம் ஆகவிருந்த என் வேலை போனது.

மெஷின்கூட சொல்லிவிட்டுத்தான் வெட்டுகிறது.

"இதெல்லாம் யாருங்க படிக்கிறாங்க?" என்று சிரித்தபடி அந்தப் பெண் வார்னிங்கை அணைத்தாள்.

என் முறுக்கில் பாதியை அவளுக்குக் கொடுப்பதாக இருந்தேன். கொடுக்கவில்லை.

தப்பா? நீங்களே சொல்லுங்கள்.