படகு போன வியாழக்கிழமை

என் கொழுந்தனின் மனைவி தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே முற்றத்தில் நின்றுகொண்டு, "இங்கன காத்தே வராதாக்கா?" என்று கேட்டாள். கோவில்பட்டியில் காற்று வராதா? ஆடி மாதம் இருந்து பார், கரிசல் புழுதியையும் சேர்த்து வாய்க்குள்ளேயே கொண்டுவந்து போடும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. புதுப்பெண்ணிடம் முதல் வாரமே வாயைக் கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று.

என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் சேர்ந்து மிளகாய் வத்தல், மல்லி வாங்கி விற்கிற மண்டி வைத்திருந்தார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. மாமியார் இல்லாததால் மூத்தவளான நான்தான் எல்லாம். எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள் நான். கடலை ஒரே ஒரு தடவை, திருச்செந்தூரில் மகளுக்கு மொட்டை போட்டபோது பார்த்ததுதான். அவளோ துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள். அவள் அப்பாவுக்குக் கப்பலில் ஏறும் சரக்கு மூட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. எந்தக் கொடி பறந்தால் எந்த நாட்டுக் கப்பல், தண்ணீருக்கு மேலே கப்பலின் சிவப்புப் பட்டை தெரிந்தால் உள்ளே சரக்கு இல்லை, இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டே கதை கதையாகச் சொல்வாள். என் மகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

எனக்கு வயிறு காந்தியது அதில்தான். நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. நான் கூப்பிட்டால் இருந்த இடத்தில் இருந்தபடி "என்னம்மா?" என்று கேட்கும். சித்தி கூப்பிட்டால் எழுந்து ஓடும். தலை பின்ன சித்தி, வீட்டுப்பாடத்துக்குச் சித்தி, காய்ச்சல் வந்தால்கூட "சித்திய வரச் சொல்லுங்க." இரண்டு வருஷமாக அவளுக்குக் குழந்தை இல்லை. குழந்தை இல்லாத ஒருத்தியைப் பார்த்து, பிள்ளை பெற்றவள் பொறாமைப்படுவதா என்று எனக்கே கேவலமாக இருக்கும். ஆனாலும் படுவேன். ராத்திரி பிள்ளை அவள் பக்கம் பாயை இழுத்துக்கொண்டு போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் படுப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மார்கழி. அரைப்பரீட்சை லீவு விட்டிருந்தது. கொச்சியில் ஒரு வியாபாரிக்கு வத்தல் சாம்பிள் காட்ட அண்ணனும் தம்பியும் போக வேண்டியிருந்தது. "தனியாப் போறதுக்கு வேன் புடிச்சி எல்லாருமாப் போயிட்டு வந்தா என்ன?" என்று கேட்டவள் கொழுந்தன் மனைவிதான். கிறிஸ்துமஸ், புதுவருஷம் என்று அங்கே ஊரே ஜோடித்திருக்கும், துறைமுகத்தைச் சுற்றிக் காட்டப் படகு விடுவார்கள், மாடி வைத்த படகு என்றாள். என் மகள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். "படகுல நான் ஜன்னல் ஓரம். பக்கத்துல சித்தி. நீங்க அப்பா கூட உக்காருங்கம்மா." எனக்கு இடம் ஒதுக்கியது நான் பெற்ற பிள்ளை.

எங்கள் ஊர்த் தண்ணீர்க் கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குழாயில் பத்து, பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் வரும். ஒரு மணி நேரம் ஓடும். அதற்குள் தொட்டி, அண்டா, குடம், வாளி, கடைசியில் சோற்றுப் பானை வரை நிரப்பிவிட வேண்டும். தவறவிட்டால் அடுத்த முறைவரை லாரித் தண்ணீர். அதனால் தண்ணீர் வருகிற நாளில் வீட்டில் ஒரு பெண்பிள்ளை கட்டாயம் இருந்தாக வேண்டும். கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்குப் போகாமல் தண்ணீருக்கு இருந்தவர்கள் எங்கள் தெருவில் உண்டு, யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் முறை வைத்திருந்தோம். ஒரு தடவை நான், ஒரு தடவை அவள். தண்ணீர் என்றைக்கு என்று நகராட்சியில் வால்வு திறக்கிறவரிடம் விசாரித்து வைப்பது மூத்தவள் வேலை. போன தடவை நான் இருந்தேன். அடுத்தது அவள் முறை.

புதன்கிழமை விடியக் கிளம்புவதாக ஏற்பாடு. வியாழன் படகு, வெள்ளி திரும்புவது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வால்வுக்காரர் சைக்கிளில் நீள இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு தெருமுனையில் போனார்.

"அண்ணாச்சி, நமக்கு என்னைக்கு?"

"சனிக்கிழமம்மா. காலைல ஆறுக்கு."

நிம்மதியாக வீட்டுக்குள் நுழைந்தேன். சத்தியமாக நிம்மதியாகத்தான் நுழைந்தேன். உள்ளே அவள் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, படகில் போகும்போது கட்டவென்று வாங்கிய புது ரிப்பனை முடிந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டது. அதுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"வியாழக்கிழமையாம் தண்ணி" என்றேன்.

என் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது எனக்கே ஆச்சரியம். அவள் கை ரிப்பனிலேயே நின்றுவிட்டது. கொழுந்தன்தான் முதலில் பேசினார். "ஒரு தடவ விட்டாத்தான் என்ன மதினி? லாரித் தண்ணி வாங்கிக்கிடுவோம்."

"லாரித் தண்ணி குடிச்சா பிள்ளைக்குத் தொண்ட கட்டுதுல்லா. போன வருசம் பட்டது போதாதா?"

பிள்ளையின் தொண்டையைப் பேச்சில் இழுத்தேன் பாருங்கள், அதற்கு மேல் யாரும் பேச முடியாது. "பரவால்லக்கா, எம் முறைதான? நான் இருக்கேன்" என்றாள் அவள். பிள்ளை அழுது புரண்டது. "நீ போய் எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சித்திக்குச் சொல்லணும், என்ன?" என்று அவள் அதைச் சமாதானப்படுத்தினாள். அந்தச் சமாதானத்திலும் பிள்ளையை என்னிடம் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. புத்தி அப்படி.

கொச்சியில் லாட்ஜ் அறைக்குள் போனதும் நான் செய்த முதல் காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். குளியலறைக் குழாயைத் திருகினேன், தண்ணீர் வந்தது. உடனே அங்கே இருந்த இரண்டு வாளி, கப்பு, கொண்டுபோன பிளாஸ்டிக் கேன், மூன்று பாட்டில், எல்லாவற்றையும் பிடித்து வைத்தேன். சாப்பாட்டுத் தூக்கைக்கூடக் கழுவி நிரப்பினேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏட்டி, இங்கன எந்நேரமும் வரும்." எனக்கும் தெரியும். ஆனால் கை கேட்கவில்லை. நிரப்பி முடித்துவிட்டு அந்த வாளிகளைப் பார்த்தபோது, ஊரில் நாளைக்குக் காலிக் குடங்களோடு உட்காரப்போகிறவள் ஞாபகத்துக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் மதியம் படகு. மேல்தட்டு முழுக்கக் காகித நட்சத்திரமும் வண்ணத்தாளும் கட்டியிருந்தார்கள். சிவப்பு உடையும் பஞ்சுத் தாடியுமாக ஒருவர் வேர்த்து வழிந்துகொண்டு பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். மைக்கில் ஒருவர் மலையாளத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் மகளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அந்த இடத்துக்காகத்தானே இத்தனையும்.

படகு நகர்ந்தது. தண்ணீர் என்றால் அப்படி ஒரு தண்ணீர். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். ஒரு பெரிய கப்பலை ஒட்டிப் போனோம். கருப்புச் சுவர் மாதிரி ஏறிக்கொண்டே போயிற்று, துருப்பிடித்த சங்கிலியே என் இடுப்புப் பருமன் இருந்தது. இத்தனை நாள் அவள் சொன்னதெல்லாம் பீற்றல் இல்லை, நிஜம்தான் என்று அங்கே வைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். அதற்கும் ஒரு எரிச்சல் வந்தது.

"அம்மா, அந்தக் கப்பல் எந்த நாடு? கொடியப் பாத்துச் சொல்லுங்க."

"தெரியலட்டி."

"சிவப்பு தெரியுதே, அப்ப உள்ள சரக்கு இருக்கா, இல்லையா?"

"இருக்கும்."

பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு எழுந்து சித்தப்பாவிடம் போய்விட்டது. கொழுந்தன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார், அவருக்கும் முகம் நன்றாக இல்லை. என் வீட்டுக்காரர் காற்றுக்குத் தூங்கிவிட்டார். ஜன்னல் ஓர இடம் காலி, பக்கத்தில் நான். அப்போதுதான் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கரிய முதுகு எழும்பி வளைந்து மறைந்தது. இன்னொன்றும் எழுந்தது. எல்லோரும் எழுந்து நின்று டால்பின், டால்பின் என்று கத்தினார்கள். "ஏட்டி, ஓடியா, ஓடியா!" என்று நானும் கத்தினேன். பிள்ளை ஓடி வருவதற்குள் தண்ணீர் மூடிக்கொண்டது.

"எங்கம்மா?"

"இங்கனதான்... இப்பத்தான் போச்சு."

"சித்தி இருந்தா முன்னாடியே சொல்லிருப்பாங்க" என்றது பிள்ளை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்கு என்னை ஒரு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

திரும்பும்போது அலைச்சல் தாங்காமல் பிள்ளைக்குக் கண் சொருகியது. தானாகவே வந்து என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டது. கரை சேரும்வரை நான் அசையவில்லை. அந்தப் பதினைந்து நிமிஷம் எனக்கு யார்மேலும் பொறாமை இல்லை. உலகத்தில் யாரும் இல்லை, நானும் என் பிள்ளையும்தான். செய்தது சரிதான் என்றுகூட நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன் வீடு சேர்ந்தோம். பிள்ளை வேனிலிருந்து குதித்து நேரே சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. நான் கேனில் கொண்டுவந்த கொச்சித் தண்ணீரை இறக்கி வைத்தேன்.

"நேத்து தண்ணி வரலக்கா" என்றாள் அவள். "தெருவுல யாருமே குடம் வைக்கல. கேட்டா, நாளைக்கித்தானாம்."

"அப்படியா? அந்த மனுசன் எங்கிட்ட வியாழன்னுல்லா சொன்னாரு."

"மாத்திச் சொல்லியிருப்பாரு" என்றாள்.

மறுநாள் காலையில் நான்தான் எழுந்தேன். "நீ படு, நான் புடிக்கேன்" என்றேன். அவள் கேட்காமல் கூட வந்து நின்றாள். ஆறு மணிக்குக் குழாய் இருமியது, தண்ணீர் வந்தது. தெருவோடு போன வால்வுக்காரர் சைக்கிளை நிறுத்தாமலே, "சனிக்கிழம ஆறு மணின்னு சொன்னேன், சொன்ன மாதிரி விட்டுட்டேம்லாம்மா?" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். என் கையில் குடம். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் ரப்பர் குழாயை நிரம்பிய குடத்திலிருந்து எடுத்து அடுத்த குடத்தில் வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவளுக்கும் ஒரு பையன் பிறந்தான். தனித்தனி வீடானோம், அடுத்தடுத்த தெருதான். அந்த வியாழக்கிழமையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை.

மகளுக்குக் கல்யாணமாகி முதல் பொங்கல். மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். ஆண்கள் மண்டிக்குப் போயிருந்தார்கள், மாப்பிள்ளை மட்டும் வீட்டில் இருந்தார். சித்தியும் வந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை, லீவுக்கு எங்கேயாவது படகில் போகலாமா, பயப்படுவாயா என்று மகளிடம் கேட்டார்.

"நான் சின்ன வயசுலயே போயிருக்கேனே!" என்றாள் அவள். "கொச்சியில. படகெல்லாம் நட்சத்திரமாக் கட்டியிருந்தாங்க. சித்தி பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு கப்பலாக் காட்டிக்கிட்டே வந்தாங்க. திரும்பி வரும்போது சித்தி மடியிலயே தூங்கிட்டேன். அம்மாதான் பாவம், வரல. தண்ணி புடிக்கதுக்கு வீட்ல இருந்துட்டாங்க."

பொய் சொல்லவில்லை அவள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளுக்கு அது அப்படித்தான் நடந்திருக்கிறது.

நான் கொழுந்தன் மனைவியைப் பார்த்தேன். இல்லட்டி, நான் வரல, அம்மாதான் வந்தாங்க என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் ஒரு காம்பை நிதானமாக உருவி முடித்தாள்.

"ஆமாட்டி, நல்ல காத்து அன்னைக்கி" என்றாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "என்னக்கா, வியாழக்கிழமதான அது?"

நான்தான் அந்தப் படகில் இருந்தேன் என்று சொல்லலாம். சொன்னால், அப்போ சித்தி ஏன் வரவில்லை என்று மகள் கேட்பாள்.

"ஆமா, வியாழக்கிழம" என்றேன்.

மகள் சித்தியின் தோளில் சாய்ந்துகொண்டு மிச்சத்தை மாப்பிள்ளைக்குச் சொல்லத் தொடங்கினாள். கொழுந்தன் மனைவியும் நடு நடுவே ஒன்றிரண்டு எடுத்துக்கொடுத்தாள், போய் வந்தவள் மாதிரியே. நான் ஏறிப் போன படகுக்காக, அதில் ஏறவே ஏறாத அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.