இந்த வருஷமும் மரம் உண்டு

என் கணவர் இறந்த வருடம், டிசம்பர் பிறந்ததுமே சின்ன மாமனார் வீட்டுக்கு வந்தார். என் கணவரின் சித்தப்பா அவர். கோயில் கமிட்டியில் இருப்பவர். குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் சொன்ன பிறகுதான் நடக்கும். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டும் அவர் உட்காரவில்லை.

"துக்க வீடு. இந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்ட வேணாம், மரம் வைக்க வேணாம். கேக்கு கீக்குன்னு ஒண்ணும் செய்யாதீங்க. கோயிலுக்கு மட்டும் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்றார்.

என் மாமியார் சமையலறை வாசலில் நின்றபடி தலையாட்டினார். நான் காபி டம்ளரை நீட்டினேன். அவர் குடித்துவிட்டுப் போனார்.

நான் பிறந்தது குளத்தூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். பொங்கல் வைத்து, கிடா வெட்டி வளர்ந்தவள். என் கணவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு புதுக்கோட்டைக்கு வந்தபோது எனக்கு ஒரு பாட்டும் தெரியாது, ஒரு ஜெபமும் தெரியாது. கோயிலில் எல்லோரும் எழுந்தால் எழுவேன், உட்கார்ந்தால் உட்காருவேன். வீட்டில் கேக்குக்கு மாவு கலப்பதிலிருந்து பலகாரம் பிரித்துக் கொடுப்பது வரை எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. ஒவ்வொன்றுக்கும் யாரையாவது கேட்க வேண்டியிருந்தது.

மரம் மட்டும்தான் அப்படி இல்லை. பரண் மேல் சாக்கில் கட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் மரம் அது. அதில் தொங்கவிடும் உருண்டைகள் நம் ஊர் வெயிலில் வெந்து, சாயம் போய், வெளுத்த கத்தரிக்காய் மாதிரி கிடந்தன. "இதுக்கு நான் பெயிண்ட் அடிக்கவா?" என்று அவரிடம் கேட்டேன். கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார் அவர். வண்டிக்குப் பெயிண்ட் வாங்கும் கடையிலேயே ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கி வந்து கையில் கொடுத்தார். அந்த வருடத்திலிருந்து டிசம்பரில் மொட்டைமாடி என்னுடையது.

முதல் தடவை தெர்மாக்கோல் உருண்டைகளில் அடித்தேன். பெயிண்ட் பட்டதும் அது உப்பு மாதிரிக் கரைந்து பள்ளம் விழுந்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டேன். பழைய உருண்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். கொடிக்கயிற்றில் நூல் கட்டித் தொங்கவிட்டு, டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு முழம் தள்ளி நின்று அடிக்க வேண்டும். அவசரப்பட்டுக் கிட்டே போனால் ஒழுகிவிடும். மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்த பிறகு இன்னொன்று. கடையில் வாங்கிய உருண்டைகள் போதாதென்று, அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ரோட்டோரத் தைலமரக் காய்களைப் பொறுக்கி வருவேன். பொன்னிறம் அடித்தால் அவை சின்னச் சின்ன மணிகள் மாதிரி இருக்கும். யாராவது வீட்டுக்கு வந்து, "எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று கேட்டால், அவர் என்னைத்தான் கை காட்டுவார்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் வண்டியை விட்டு இறங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழவில்லை.

சின்ன மாமனார் சொல்லிவிட்டுப் போன அந்த வாரத்தில் அம்மா போன் செய்தார். மரம் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"நல்லதாப் போச்சு. இனி ஒனக்கு என்னத்துக்குத்தா அந்த மரமும் மண்ணாங்கட்டியும்? அவரே போயிட்டாரு. பேசாம இங்கிட்டு வந்துரு. நம்ம சாமியக் கும்பிட்டுக்கிட்டு நம்ம வீட்டுல இரு."

போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. கல்யாணத்தின்போது பொட்டு வைப்பதை விட்டேன். அது நானாக எடுத்த முடிவு, அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் போன அன்று தலையிலிருந்து பூவை எடுத்தார்கள். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. வண்ணப் புடவைகள் பீரோவின் அடித்தட்டுக்குப் போயின. அதையும் கேட்கவில்லை. இப்போது மரம். ஒரு பக்கம் வைக்கக் கூடாது என்கிறார்கள், இன்னொரு பக்கம் உனக்கு அது எதற்கு என்கிறார்கள். அந்த வீட்டில் யாரிடமும் முறை கேட்காமல் நான் செய்த ஒரே காரியம் அது. அதையும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் கீழராஜ வீதிக்குப் போய் ஸ்ப்ரே டப்பா வாங்கினேன். வெள்ளிக் கலர். துக்க வீட்டுக்கு அதுதான் அடக்கமாக இருக்கும், யாரும் ரொம்பப் பேச மாட்டார்கள் என்று தோன்றியது. எதிர்த்து நிற்கப் போகிறவளுக்கு அவ்வளவு பயமும் இருந்தது.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில் மாடிக்குப் போனேன். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கொடியில் தொங்கியவற்றுக்கு வரிசையாக அடித்தேன். பெயிண்ட் வாடை தெருமுனை வரை போயிருக்கும். பக்கத்து மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நானும் அவளைப் பார்த்துக்கொண்டே டப்பாவைக் குலுக்கினேன்.

அப்போது படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மாமியார். மூட்டு வலியால் மாடிக்கே வராதவர், சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கொடியின் ஓரமாக நடந்து ஒவ்வொன்றையும் பார்த்தார்.

"என்னத்தா கலரு இது? சாம்பலாட்டம் இருக்கு."

"வெள்ளி அத்தை. துக்க வீடுன்னு..."

"துக்க வீடுன்னு அவருதானே சொன்னாரு. நீயுமா? செவப்பு அடி."

அவர் தண்ணீர்த் தொட்டி நிழலில் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஒம் மாமனாரு செத்தப்பயும் இதேதான் சொன்னாங்க. அப்ப ஒம் புருசன் சின்னப் பய. கட்டுன ஸ்டார அவுத்துப் போட்டேன். அடுத்த வீட்டு ஸ்டாருக்குக் கீழ போயி நின்னுக்கிட்டிருந்தான். கூப்பிட்டா வரல. நான் வெள்ளச் சீல கட்டி எத்தன வருஷமாச்சு, அதனால செத்த மனுசன் திரும்பி வந்தாரா?" மூக்கைச் சிந்தினார். "நீ போயி செவப்பு வாங்கிட்டு வா. நான் இதுகளப் பாத்துக்கிறேன்."

வாங்கி வந்தேன். காய்ந்த வெள்ளியின் மேல் சிவப்பை மெல்லிசாக அடித்தபோது, அடியிலிருந்த வெள்ளி பளபளவென்று மேலே வந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சிவப்பு எனக்கு வாய்த்ததில்லை. மாமியார் டப்பாவைக் கேட்டார். கொடுத்தேன். ஓட்டை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் அழுத்தி, தன் விரல்களிலேயே அடித்துக்கொண்டார். துடைக்கப் போன என் கையிலும் ஏறியது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் சிவப்பு நின்றுவிட்டது.

மரத்தை முன்னறையில், வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில் வைத்தோம். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு சின்ன மாமனார் வந்தார். கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"யாரக் கேட்டு வச்சீங்க?"

"யாரையும் கேக்கல மாமா" என்றேன்.

"வீட்டுல சின்னப் புள்ளைககூட இல்ல. யாருக்கும்மா இந்த மரம்?"

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை அவர் வேண்டுமென்றே சொன்னாரா, வாய் தவறிச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. அந்த வார்த்தைக்குப் பிறகு என் பயம் போய்விட்டது.

"எனக்கு" என்றேன். "அவரு போனதுக்கு நான் அழுவுறேன் மாமா. நாளைக்கும் அழுவேன். அதுக்கு மரத்த எடுக்கணும்னு இல்ல."

அவர் மாமியாரைப் பார்த்தார். "நீங்களும் இதுக்குக் கூட்டா மதினி?"

"செவப்பு அடிக்கச் சொன்னதே நாந்தான்" என்றார் மாமியார்.

"அப்ப கேரல் ரவுண்டு இந்த வீட்டுக்கு வராது" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார்.

சொன்னபடியே செய்தார். அடுத்த நாள் சாயங்காலம் கேரல் குழு டிரம் அடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தது. பக்கத்து வீட்டில் நின்று பாடியது. எங்கள் வாசலைத் தாண்டும்போது பாட்டு நின்று, வெறும் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பாடுகிறவர்களில் சிலர் தலையைத் திருப்பி மரத்தைப் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"கதவச் சாத்தவா அத்தை?"

"எதுக்கு? தொறந்தே கெடக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்."

இருவரும் மரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டோம்.

கிறிஸ்துமஸ் காலையில் பீரோவின் அடித்தட்டிலிருந்து மாம்பழ நிறப் புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டேன். கோயிலில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா திரும்பிக் கை கொடுத்தவர், என் விரல்களைப் பார்த்துவிட்டுப் பிடியைத் தளர்த்தினார்.

"என்னம்மா, நெயில் பாலிஷா?" என்று கிசுகிசுத்தார்.

"இல்லக்கா, பெயிண்ட். மரத்துக்கு அடிச்சேன்" என்றேன். கிசுகிசுக்காமல் சாதாரணக் குரலில்தான் சொன்னேன். இரண்டு பெஞ்சு தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். மாமியார் தன் கையையும் மடியிலிருந்து எடுத்து முன் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

சின்ன மாமனார் அதன் பிறகு வெகுநாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டோம் என்றோம். மரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அம்மா இன்னும் போனில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். விருந்தாளியாக வருகிறேன், தங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். போகும்போது தைலமரக் காய் பொறுக்க ஒரு மஞ்சப்பையும் கொண்டுபோகிறேன்.