மாரிஸ் மைனர் நின்ற அறை

சென்னப்பன் பழைய டூத் பிரஷ்ஷால் காரின் முன்பக்க கிரில்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கம்பிக்குக் கம்பி, இடுக்குக்கு இடுக்கு. அவர் மனைவி ருக்மணியைப் பார்த்துக்கொள்ள நான் வேலைக்கு வந்த முதல் நாள் அது.

"சிஸ்டரம்மா, செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க" என்றார். வீட்டுக்காக அல்ல, காருக்காக.

1956ஆம் வருடம் இங்கிலாந்தில் செய்த மாரிஸ் மைனர். குடும்பங்களுக்கென்று செய்த கார்தான். இந்தக் குடும்பம் அதில் ஏறியது வருடத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜை அன்று, கால் கழுவிக்கொண்டு. ஓசூரில் அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரே அறை. அதில் கார் இருந்தது. ஒட்டினாற்போல் ஒரு கழிப்பறையும் உண்டு; கார் அதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. மனிதர்கள் மாடியில்.

ருக்மணிக்கு இடுப்பெலும்பு ஒடிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. மாடியில் வாக்கர் திரும்ப இடமில்லை. இறங்கப் பதினாறு செங்குத்துப் படி. படுத்தே கிடந்தால் முதுகில் புண் வரும், நடை வராது. கீழறை வேண்டும் என்று சொல்லிவிட்டேன். காரை வெளியே நிறுத்தலாமே என்றதற்கு, "ரோட்டுலயா? ஷிஃப்ட் பஸ்சு கெளப்பற புழுதியிலயா?" என்றார் சென்னப்பன். ஆனாலும் மோசமான மனிதர் இல்லை. விற்பதாக விளம்பரம் கொடுத்தார்.

கோளாறு அதற்குப் பிறகுதான். உத்தனப்பள்ளியில் நிலக்கடலை விவசாயிக்குப் பிறந்தவர், முப்பத்தாறு வருடம் ஓசூர்க் கம்பெனி ஒன்றில் தரம் பார்த்தார். குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். பெண் பார்க்கப் போன வீட்டில் ஆடிய நாற்காலிக்குக் காகிதம் மடித்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம். பெண்ணைப் பார்த்தது அதற்குப் பிறகு. கார் வாங்க வந்தவர்களிடம், காரின் நாற்பத்தொரு குறைகளை எழுதிய தாளை நீட்டினார். அதற்கும் ஓடாதவர்களிடம் குறை தேடினார். ஒருவர் கதவை ஓங்கிச் சாத்தினார்: ரிஜெக்ட். ஒருவருக்கு நகம் நீளம்: ரிஜெக்ட்.

வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர் ராஜசேகர் தாளை முழுக்கப் படித்துவிட்டு, "எல்லாஞ் செரிங்க, எடுத்துக்கறேன். பேத்திய இதுலதான் ஸ்கூலுக்குக் கூட்டினு போவேன்" என்றார்.

"தெனமுமா?"

"தெனமும்."

ரிஜெக்ட்.

மாடியில் ருக்மணிக்கு எல்லாம் கேட்டது. அவர் மாடியிலேயே கிடந்து அன்றோடு பத்தொன்பது நாள். "யக்கா, டிராயர்ல செவப்புச் சீட்டு இருக்கும், எடுங்க" என்றார் என்னிடம்.

கம்பெனியில் குறையுள்ள சாமான்மேல் கட்டும் சீட்டு. ஓய்வு பெற்றபோது சென்னப்பன் ஒரு கட்டு கொண்டுவந்திருக்கிறார், எதற்கோ. ருக்மணி சொல்ல, எழுதினேன். பொருள்: ருக்மணி. குறை: மாடியிலிருந்து இறங்காது. தேங்கிய நாள்: பத்தொன்பது. காரணம்: இடத்தில் கார். மணிக்கட்டில் கட்டச் சொன்னார். கட்டினேன்.

சீட்டு கட்டிய சாமான் ஒரு நாளுக்குமேல் கிடந்தால் மேனேஜரையே திட்டுவாராம் சென்னப்பன். சாயங்காலம் காபியோடு வந்தவர், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"யாரு எழுதுனது?"

"எழுத்து யக்காவோடது. கொறை என்னோடது. சரி பண்ணுங்க, இல்லாட்டி ஸ்கிராப்புல போடுங்க. உங்க ரூல்தான?"

சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "தேதி போடல."

"போடுங்க."

போட்டார். பிறகு கீழே போய் ராஜசேகருக்குப் போன் செய்தார். "பாப்பா செருப்பக் கழட்டிட்டு ஏறுமா?" என்ன பதில் வந்ததோ, "செரி, மழ நாள்லயாச்சும்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ராஜசேகர் காரை ஓட்டிக்கொண்டு போனார். செருப்போடுதான் ஏறினார், சென்னப்பன் அந்த நேரம் தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, எனக்குக் கழுவும் வேலை மிச்சம். வாடகைக் கட்டிலைப் போட்டோம். ருக்மணியை நாற்காலியோடு இறக்கப் பக்கத்து வீட்டுத் தமிழரசன் மூன்று பேரைக் கூட்டிவந்திருந்தார். "இருங்கய்யா" என்ற சென்னப்பன், கட்டில்மேல் ரசமட்டம் வைத்துச் சரிவு இருக்கிறதா என்று பார்த்தார். கட்டிலின் ஒரு கால் குட்டை. மாடிக்குப் போய், ருக்மணி கையிலிருந்த சீட்டை அவிழ்த்து வந்து, நாலாக மடித்து அந்தக் காலுக்கடியில் வைத்தார். இன்னொரு தடவை ரசமட்டம் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியைத் தூக்கவிட்டார்.