பதினாறு கல் சரிவு

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பேரே தள்ளுவண்டி அக்கா. பன்னிரண்டு வருஷமாக நோயாளிகளைப் படுக்க வைத்துத் தள்ளுகிறவள். காலையில் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வண்டியை நகர்த்துவாள். அப்படிப்பட்டவள் கைவிட்ட வண்டி, மாடிச் சரிவில் உருண்டு வந்து, கீழே தரை துடைத்துக்கொண்டிருந்தவளின் முழங்காலை உடைத்துவிட்டது. துடைக்கிறவள் கூடப் பிறந்தவள் இல்லை, ஆனாலும் தங்கச்சி. இருவருக்கும் ஒரே சாப்பாட்டு டப்பா.

வண்டியில் ஆள் இல்லாதது ஆண்டவன் கருணை. மேலே கதவு சாத்திக்கொண்டது, திறக்கத் திரும்பினாள், சக்கரத்தின் பிரேக்கை மிதிக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

மறுநாள் சூப்பர்வைசர் அக்காவைச் சரிவுக்கே கூப்பிட்டார்.

"இதுல பதினாறு கல்லு பதிச்சிருக்கு. ஒரு கல்லு தூரம் வண்டியை விட்டுப் பிடிச்சுப் பார்த்தேன். ஒண்ணுன்னு எண்ணுறதுக்குள்ள ஒரு கல்லுதான் நகருது. அப்போ பதினாறு எண்ணுற வரைக்கும் யார்கூட கதை அளந்துட்டிருந்தீங்க? உண்மையைச் சொல்லுங்க, இல்லன்னா வேலை இருக்காது."

"கதவைத் திறந்த நேரம்தான் சார். நாலு எண்ணியிருந்தா அதிகம்."

"அப்போ வண்டிக்கு இறக்கை முளைச்சுதா?"

"வேகம் ஏறிக்கிட்டே போகும் சார். மொத எண்ணிக்கையில ஒரு கல்லு. அடுத்ததுல மூணு, அப்புறம் அஞ்சு, அப்புறம் ஏழு. ஒவ்வொரு தரமும் ரெண்டு ரெண்டாத்தான் கூடும், அதுக்கு மேலயும் போகாது, கீழயும் போகாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் தலை குனிந்தாள். "கூட்டம் இல்லாதப்ப காலி வண்டியை நடந்து இறக்கச் சோம்பல்பட்டு, விட்டுப் பிடிச்சிருக்கோம் சார். மேலே நான் எண்ணுவேன். கீழே தங்கச்சி பிடிப்பா."

"சரி, நான் விடுறேன். யார் பிடிக்கிறது?"

"நான்தான்."

முதன்முறையாகச் சரிவின் அடியில் போய் நின்றாள். அவர் கையெடுத்தார்.

"ஒண்ணு!" ஒரு கல். "பாத்தீங்களா, ஆமை!" என்று சிரித்தார். "ரெண்டு!" நாலாம் கல்லில் சக்கரம். "மூணு!" ஒன்பது. சிரிப்பு நின்றது. "நா..." என்று முடிப்பதற்குள் இரும்புக் கம்பி அவள் உள்ளங்கையில் இடித்து, அவளைச் சுவர் வரைக்கும் தள்ளியது. மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "நாலுதான்மா. அப்படியே எழுதிடுறேன். பிரேக் மிதிக்காததுக்கு ஒரு வாரம் வராதீங்க. வேலை போகாது."

கும்பிட்டாள். சந்தோஷம் மட்டும் வரவில்லை. கட்டுப் போட்ட காலோடு வார்டில் கிடந்த தங்கச்சியிடம் போனாள்.

"வேலை போகலையாமே? முகத்தை ஏன்க்கா இப்படி வச்சிருக்கே?"

வீங்கிய கையைக் காட்டினாள். "ஒவ்வொரு தரமும் இப்படித்தான் வந்து இடிக்குமாடி? ஏன் ஒருநாளும் சொல்லல?"

"நீ மேலேருந்து சிரிச்சுக்கிட்டே எண்ணுவே," என்றாள் தங்கச்சி. "வலிக்குதான்னு நீ கேக்கலையேக்கா."

அக்கா கட்டிலின் நாலு சக்கரத்தையும் குனிந்து பார்த்து, பிரேக்கை ஒவ்வொன்றாக மிதித்தாள்.