பாறையடியில் ஒரு வணக்கம்

ஹார்ஸ் மலையடிவாரத்துச் சிறு நகரம் ஒன்றின் அகதி விடுதியில் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். தமிழ் பேச அங்கே ஓர் ஈ காக்கை இல்லை. வேலை செய்ய அனுமதி இல்லை; மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. அறையில் இருந்த மற்ற மூவரும் தங்கள் மொழியில் பேசிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கப் பொறுக்காமல்தான் நான் நடக்கத் தொடங்கினேன்.

ஆற்றோரமாக ஒரு நடைபாதை பள்ளத்தாக்குக்குள் ஏறிப்போனது. பாதி வழியில் கருங்கற் பாறை. ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி மூட்டைகளை அடுக்கியதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டு திரண்ட கற்கள். ஞாயிறுகளில் அதைப் பார்க்கச் சனம் வரும், படம் எடுக்கும். எனக்கு அந்தக் கல்லில் பெரிய பக்தி ஒன்றும் இல்லை. அங்கே எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்து "குட்டன் டாக்" என்று வணக்கம் சொன்னார்கள். அதற்காகத்தான் போனேன்.

நகரத்தில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. பாறையடி மர வாங்கில் வழக்கமாக உட்கார்ந்திருக்கும் கிழவர் ஒருநாள் அப்பிளைக் கத்தியால் வெட்டிப் பாதியை என்னிடம் நீட்டினார். இந்த நாட்டில் எனக்கும் ஓர் ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமைக்குள்ளேயே நகரத்துப் பேக்கரியில், பாண் வாங்கும் வரிசையில் அவரைக் கண்டேன். சந்தோஷத்தில் கடை முழுக்கக் கேட்கும்படி "குட்டன் டாக்" என்றேன். என் வணக்கம் வேறு யாருக்கோ என்பதுபோல அவர் தமக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். பிறகு பாணை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் கூனிக் குறுகிப் போனேன்.

என்னோடு ஒரே விமானத்தில் வந்த நண்பன் வுப்பர்டால் என்ற ஊரில் இருந்தான். தொலைபேசியில் அவனிடம் கொட்டித் தீர்த்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், உவங்கள் மலையிலை ஆரைக் கண்டாலும் வணக்கம் சொல்லுவாங்கள். அது இஞ்சத்தைப் பழக்கமடா. உனக்கெண்டு சொன்னதில்லை."

ஞாயிறு வந்தது. இனிப் போவதில்லை என்றுதான் இருந்தேன், ரோஷக்காரன் நான். மத்தியானம் வரை கட்டிலில் கிடந்தேன். பிறகு கால்கள் தம்பாட்டில் கிளம்பிவிட்டன.

கிழவர் அதே வாங்கில் இருந்தார். ஒன்றும் நடக்காததுபோல "குட்டன் டாக்" என்றார். அவரைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவும் இல்லைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட நினைத்தேன். ஆனால் வாய் திறந்துவிட்டது. முதலில் சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொன்னேன்.

நண்பனோடு பேசித் தொலைபேசியை வைத்த பிறகு, அத்தனை நாளில் நான் ஒருவரிடம் பேசிய முதல் சொல் அதுதான்.