ரயிலுக்குள் போன கடைசி அடி

மின்விசிறியை நிறுத்தியதும் பழைய மெத்தைகளின் பஞ்சு வாசமும் எங்கள் எல்லோருடைய வியர்வை நெடியும் அறை முழுக்க எழும். வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதையை ஒட்டியிருந்த எங்கள் வீட்டில், கூத்து மெட்டுகளில் தானே பாட்டுக் கட்டிப் பாடும் அப்பாவின் கடைசிக் "கசெட்" பதிவானபோது, சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னல்களுக்கு மெத்தைகளைச் சாத்தியிருந்தோம். எனக்கு அப்போது பத்து வயது.

அப்பாவுக்கு "நெஞ்சு வருத்தம்", இதயத்தில் கோளாறு. களுபோவில ஆஸ்பத்திரியில் பாடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு முழு அடி பாட மூச்சும் போதவில்லை. அதற்காக விட்டுவிடுவாரா? அடியின் முதல் பாதியை அம்மா பாடட்டும், மீதியைத் தான் பாடுகிறேன் என்றார். "உங்கட பாட்டு உலையில வேகுமோ?" என்று அதுவரை காலமெல்லாம் முணுமுணுத்த அம்மா, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தாளைப் பார்க்காமலேயே எல்லாப் பாட்டையும் பாடினார். அடுப்படியில் நின்று ஏசிக்கொண்டே அத்தனையையும் மனப்பாடம் செய்திருக்கிறார், பொல்லாத மனுஷி! அப்பாவின் பழைய கசெட்டுகளில் குரல் கணீரென்றிருக்கும்; ஆனாலும் அம்மா ஏற்றிவிட அவர் பிடித்துக்கொண்டு போகும் இந்தக் கசெட்டுக்கு அவை ஈடாகாது என்பேன்.

ரயில் வரும்போதெல்லாம் நிறுத்தி, போனபின் தொடர்ந்து, கடைசிப் பாட்டின் கடைசி அடிக்கு வந்துவிட்டார்கள். வீட்டை விட்டுப் புறப்படுகிற ஒருவனின் பாட்டு அது. "போட்டு வாறன் எண்டு சொன்னனான்" என்று அம்மா பாடி முடிக்க, அப்பா வாய் திறந்த நேரம் பார்த்து ரயில் தடதடத்தது. இந்தமுறை அவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் பாடிவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்தார்.

பதிவு செய்ய வந்தவர், "அக்கா, ஒண்டும் கேக்கேல்லை. அந்தப் பாதியையும் நீங்களே பாடுங்கோவன்" என்றார்.

"அது அவற்ற அடி. அவர் பாடிட்டார். ரயிலும் கிடக்கட்டும்" என்றார் அம்மா.

கசெட் கடைக்கு வருமுன் அப்பா போய்விட்டார்.

அந்த வீடு இருந்த இடத்தில் இன்று மாடிக் குடியிருப்பு. கசெட் போடும் பெட்டியும் இல்லை; பாட்டுகள் என் கைபேசியில் இருக்கின்றன. இப்போதெல்லாம் ரயில் சத்தத்தை மட்டும் நீக்கிவிடலாமாம் என்று என் மகன் சொன்னதற்கு, "எங்க, தொட்டுப் பார்!" என்றார் அம்மா. எங்கள் கல்கிசை வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டால், முழங்கால் வலியோடும் எழுந்து வந்து, ரயில் தடதடக்கும் இடத்தில், "வருவன், கதவைச் சாத்தாதேங்கோ" என்று ரயிலையும் மிஞ்சிப் பாடுவார்.

"ஏனம்மா அந்த இடத்தில தனியப் பாடுறியள்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஆர் தனிய?" என்றார். "அவரும் பாடிக்கொண்டெல்லோ இருக்கிறார்."